அகழியும் அஞ்சலட்டையும்: குஸந்தீனா மலைப்பிளவின் படத்தை வாசித்தல்

இலக்கியம், ஓவியம், கட்டடக் கலை ஆகியவற்றைத் திறனாய்வுக்கு உட்படுத்துவோர் அஞ்சலட்டைப் படத்தையும் அவ்வாறு அணுகுவது அரிது. அது விலை மலிந்த பொருள். வெளியூர் சென்றவர் உற்றார்க்கு நான்கு வரி எழுதி அனுப்புவது. படித்து முடித்ததும் பெட்டிக்குள் இடப்பட்டு மறக்கப்படுவது. எனினும், தாம் நேரில் காணாத நாடுகளைப் பற்றி ஐரோப்பியப் பொதுமக்கள் கொண்டிருந்த எண்ணத்தை உருவாக்கியதில், பெரு நூல்களுக்கு உள்ள பங்கினும் இச்சிறு அட்டைகளின் பங்கு குறைந்ததன்று. ஆகவே அவற்றையும் ஒரு பனுவலாகக் கொண்டு வாசிப்பது தகும். அத்தகைய வாசிப்பு ஒன்றையே இக்கட்டுரையில் முயல்கிறோம்.

நாம் எடுத்துக்கொள்வது கிழக்கு அல்ஜீரியாவின் குஸந்தீனா நகரைச் சூழ்ந்துள்ள ஆழ்ந்த மலைப்பிளவைக் காட்டும் அட்டை வரிசையாகும். 20ஆம் நூற்றாண்டின் முதற் பகுதியில் பாரிஸ் நகரின் நியூர்தேன் சகோதரர்களும் லேவி நிறுவனத்தாரும் அல்ஜீரியக் காட்சிகளைப் பெருமளவில் அச்சிட்டு விற்றனர். முன்னவர் அட்டைகளில் ‘என்.டி.’ என்றும் பின்னவர் அட்டைகளில் ‘எல்.எல்.’ என்றும் எழுத்துகள் காணப்படும். அவற்றுள் அடிக்கடி எதிர்ப்படும் தலைப்புகளுள் ஒன்று ‘கான்ஸ்டன்டீன்: ரும்மல் பள்ளத்தாக்கு’ என்பது.

இவ்வகை அட்டைகளின் அமைப்பு ஏறத்தாழ ஒன்றே. இருபுறமும் செங்குத்தான சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். அடியில் இழைபோல் ஓடும் நீர். மேலே பிளவின் இரு கரைகளையும் இணைக்கும் பாலம். அதற்கும் மேலே வெளிறிய வானம். சிலவற்றில் பாறையோரப் பாதையில் மிகச் சிறியதாக ஒரு மனித உருவம் நிற்கும். அம்மனிதர் யார் என்று படம் சொல்வதில்லை. பாறையின் உயரத்தைக் கண்ணுக்கு உணர்த்தும் அளவுகோலாகவே அவர் அங்கு நிறுத்தப்பட்டிருக்கிறார்.

படத்தின் தொழில்நுட்பம் பற்றி இரண்டு செய்திகள் இன்றியமையாதவை. முதலாவது, வண்ணம் பற்றியது. 1880களில் சூரிச் நகரின் ஓரெல் ஃபூஸ்லி அச்சகத்தில் ஹான்ஸ் யாக்கோப் ஷ்மிட் என்பவர் ஃபோட்டோகுரோம் என்னும் அச்சு முறையை உருவாக்கினார். கறுப்பு வெள்ளைப் படத்தை, வண்ணத்துக்கு ஒரு கல் வீதம் பல அச்சுக் கற்களில் ஏற்றி, ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிக்கும் முறை அது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் உள்ள, 1899ஆம் ஆண்டையொட்டிய அல்ஜீரியக் காட்சிகள் இம்முறையில் அச்சானவை. குஸந்தீனாவும் அவற்றில் உண்டு. அப்பாறையின் செம்மையும் நீரின் பசுமையும் ஒளிப்படக் கருவி கண்டவை அல்ல. அச்சுக்கூடத்தார் இட்டவை.

இரண்டாவது செய்தி, அட்டையின் பின்புறம் பற்றியது. அட்டையின் ஒரு பக்கம் முழுவதும் முகவரிக்கே உரியது என்ற விதி பிரான்சில் 1903 வரை இருந்தது. எழுத விரும்பியவர் படத்தின் ஓரங்களில்தான் தம் சொற்களை நெருக்கி எழுத வேண்டும். அவ்வாண்டின் இறுதியில் பின்புறத்தை இரண்டாகப் பகுத்து, ஒரு பாதியில் செய்தியும் மறு பாதியில் முகவரியும் எழுத இசைவு தரப்பட்டது. அதன்பின் படம் முன்பக்கம் முழுவதையும் பற்றிக்கொண்டது. பழைய அட்டைகளின் காலத்தைக் கணிப்போர்க்கு இது ஒரு சான்று. நமக்கோ இதில் வேறொரு பொருளும் தோன்றுகிறது: காட்சியின் மீது மனிதக் கையெழுத்து படிந்திருந்த நிலை அன்றோடு நீங்கியது.

பெயரும் இடமும்

நகரத்தின் தொன்மைப் பெயர் சிர்த்தா; நுமீதிய அரசர்களின் தலைநகர். 4ஆம் நூற்றாண்டில் உரோமப் பேரரசர் கான்ஸ்டன்டைனின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. அரபு நாவில் அது குஸந்தீனா ஆயிற்று. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 640 மீட்டர் உயரத்தில் உள்ள ஒரு பாறை மேட்டின்மீது நகரம் அமர்ந்திருக்கிறது. வாதிர் ரிமால், அதாவது மணல்களின் ஆறு, அப்பாறையை வளைத்து அறுத்துக்கொண்டு ஓடுகிறது. பிரெஞ்சுக்காரர் ‘ரும்மல்’ என எழுதியது இந்த ரிமாலையே. தென்மேற்கில் மட்டும் ஒரு குறுகிய நிலப்பகுதி நகரைப் புறவெளியோடு இணைக்கிறது. ஏனைய திசைகளிலிருந்து நகருக்குள் செல்லப் பாலமின்றி வழியில்லை.

இந்த இடத்தை நம் முன்னோர் எவ்வாறு பார்த்தனர்? ஹிஜ்ரி 5ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அந்தலுஸிய அறிஞர் அபூ உபைத் அல் பக்ரீ (ரஹ்) தம் ‘அல் மஸாலிக் வல் மமாலிக்’ நூலில் குஸந்தீனாவை விவரிக்கிறார். இதனினும் அரண்மிக்க நகர் அறியப்படவில்லை என்பது அவர் கருத்து. ஆழம் காணவியலாத பிளவின் அடியில் நான்கு வளைவுகளுடன் ஒரு பாலம்; அதன்மீது இரண்டாவது பாலம்; அதன்மீது மூன்று வளைவுகளுடன் மூன்றாவது; எல்லாவற்றுக்கும் மேலே பிளவின் இரு விளிம்புகளுக்கும் சமமான மட்டத்தில் ஒரு வீடு. மக்கள் அவ்வீட்டின் வழியே நகருக்குள் கடந்து செல்வர். அங்கிருந்து நோக்கினால் அடியாழத்து நீர் சிறியதொரு விண்மீனைப் போலத் தோன்றும் என்கிறார் அவர்.

அல் பக்ரீ அந்தலுஸை விட்டு வெளியே பயணம் செய்தவர் அல்லர். பிறர் எழுதியவற்றையும் பயணிகள் சொன்னவற்றையும் கொண்டே நூல் யாத்தவர். அதனால் பிழைகளும் புகுந்தன. நகரைச் சூழ்ந்த ஆறுகளில் கப்பல்கள் ஓடுவதாக அவர் எழுதுவது, அந்தப் பாறை நிலத்துக்குப் பொருந்தாத மிகை. ஆயினும் அவருடைய வருணனையில் மனிதர் இருக்கின்றனர். பாலம் கடப்போர் இருக்கின்றனர். கீழே குனிந்து நோக்கும் கண் நகரவாசியின் கண்ணாக இருக்கிறது. நேரில் காணாதவர் காட்டிய மக்களை, நேரில் நின்று கண்ட ஒளிப்படக் கருவி விட்டுவிட்டது.

இவற்றினும் முதன்மையானது அவர் ஆளும் ஒரு சொல். அந்தப் பிளவை அவர் ‘கந்தக்’ என்கிறார். இச்சொல் நம் வாசகர்க்குப் புதியதன்று. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டில் மதீனாவைக் காக்க, ஸல்மான் பார்ஸி (ரலி) அவர்களின் ஆலோசனைப்படி வெட்டப்பட்டதும் கந்தக். அப்போரையே நாம் கந்தக் போர், அகழிப் போர் என்கிறோம். கந்தக் என்பது காவலைக் குறிக்கும் சொல். அதற்கு ஓர் உட்புறம் உண்டு. அவ்வுட்புறத்தில் காக்கப்படும் பெண்டிரும் குழந்தைகளும் உண்டு. பிரெஞ்சுத் தலைப்பு ஆளும் சொல்லோ ‘தொண்டை’ என்னும் பொருளிலிருந்து பிறந்து, குறுகிய மலையிடுக்கைக் குறிக்க வந்தது. அதில் நில அமைப்பு உண்டு. யாருக்காக அந்த அமைப்பு என்பது இல்லை. அதே பாறை, அதே ஆறு. ஒரு சொல்லில் அது அகழி, மற்றொரு சொல்லில் அது காட்சி.

ஹிஜ்ரி 548இல், அதாவது கி.பி. 1154இல், தம் பெருநூலை முடித்த அல் இத்ரீஸீ (ரஹ்) குஸந்தீனாவின் அரண்வலிமையோடு அதன் உணவையும் குறிக்கிறார். வீடுகள்தோறும் பாறையில் குடைந்த நிலவறைகள் இருந்தன என்றும், அவற்றில் கோதுமை நூறாண்டுகள் கெடாதிருக்கும் என்றும் எழுதுகிறார். நூறு என்பது மிகையாகலாம். ஆனால் அந்தப் பாறையை அவர் தானியக் களஞ்சியமாகவும் பார்த்தார் என்பது நோக்கத்தக்கது.

இப்னு பதூதா (ரஹ்) ஹிஜ்ரி 725இல், கி.பி. 1325இல், ஹஜ்ஜை நாடிப் புறப்பட்ட தொடக்கத்தில் இந்நகரை அடைந்தார். புறநகரில் கூடாரமிட்டிருந்தபோது பெருமழை பெய்து, இரவோடிரவாக அவரும் உடன்வந்தோரும் அருகிலுள்ள வீடுகளில் தஞ்சம் புக நேர்ந்தது. மறுநாள் நகர ஆளுநர் அபுல் ஹஸன், மழையில் அழுக்கடைந்த அவருடைய ஆடைகளைத் தம் இல்லத்துக்கு அனுப்பித் துவைக்கச் செய்தார். பழைய மேலாடைக்குப் பதிலாக பஅலபக் துணியாலான புதியதொன்றை அனுப்பினார். அதன் முனையில் இரண்டு பொற்காசுகள் முடிந்திருந்தன. பயணத்தில் தமக்குக் கிடைத்த முதல் கொடை அதுவே என அவர் நினைவுகூர்கிறார். உலகம் சுற்றிய அந்தப் பயணியின் நினைவில் குஸந்தீனா எனில் ஒரு மனிதரின் பண்பு. ஐந்நூற்றெண்பது ஆண்டுகள் கழித்து அதே ஊருக்கு வந்து அட்டை வாங்கிய சுற்றுலாப் பயணிக்கு அது ஒரு பாறை. பார்வை எத்துணை மாறிவிட்டது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டியதில்லை.

இரண்டு பார்வைகளுக்கு இடையே

இவ்விரு பார்வைகளுக்கும் இடையில் 1837ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இருக்கிறது.

1830இல் அல்ஜியர்ஸ் பிரெஞ்சுப் படையிடம் வீழ்ந்த பின்னரும் குஸந்தீனா வீழவில்லை. அதன் ஆட்சியாளர் அஹ்மத் பே எதிர்த்து நின்றார். 1836 நவம்பரில் தளபதி க்ளோஸெல் நடத்திய முற்றுகை தோல்வியுற்றது. மழையிலும் குளிரிலும் படை சிதைந்து பின்வாங்கியது. அகழி அன்று தன் கடமையைச் செய்தது. அடுத்த ஆண்டு பெரிய பீரங்கிகளுடன் மீண்டும் வந்தனர். அக்டோபர் 12ஆம் நாள் தளபதி தம்ரேமோன் குண்டு பட்டு இறந்தார். வலே என்பவர் தலைமை ஏற்றார். மறுநாள், 13ஆம் நாள், அகழி இல்லாத தென்மேற்குப் புறத்தில் மதிலை உடைத்து நகருக்குள் புகுந்தனர். தெருவுக்குத் தெரு போர் நடந்தது. அஹ்மத் பே அதன் பின்னும் 1848 வரை மலைப்புறங்களிலும் பாலைப்புறங்களிலும் போராட்டத்தைத் தொடர்ந்தார்.

நகரம் உடைந்த அந்நாளில் அகழியில் நடந்தது என்ன? நிலவழியாக வெளியேறும் பக்கமே பகைவர் உட்புகுந்த பக்கமாகவும் இருந்தது. ஏனைய திசைகளில் பாறை விளிம்புகள். மக்கள் கயிறுகளைக் கட்டிப் பிளவுக்குள் இறங்க முயன்றனர். பாரம் தாங்காது கயிறுகள் அறுந்தன. பலர் அடியாழத்தில் விழுந்து மாண்டனர். இதனைப் படையெடுத்து வந்தவர்களின் குறிப்புகளே ஒப்புக்கொள்கின்றன.

இன்னொரு சாட்சியமும் உண்டு. 1905இல் குஸந்தீனாவில் பிறந்த சிந்தனையாளர் மாலிக் பின் நபீ (ரஹ்), 1965இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளின் தொடக்கத்தில், நூறாண்டு கடந்து வாழ்ந்த தம் தாய்வழிக் கொள்ளுப்பாட்டியைப் பற்றி எழுதுகிறார். நகரம் வீழ்ந்த நாளில் குடும்பங்கள் தம் பெண்மக்களின் மானத்தைக் காப்பதையே முதற்கவலையாகக் கொண்டன. பிரெஞ்சுப் படை மதிலுடைப்பின் வழியே நுழைந்துகொண்டிருக்க, மறுபுறத்தில் ரிமால் ஆற்றின் பக்கமாக இளம்பெண்கள் கயிறுகளில் இறக்கப்பட்டனர். சில கயிறுகள் அறுந்தன. அம்மூதாட்டியின் வாய்மொழி குடும்பத்தில் வழிவழியாக வந்து பின் நபீயின் செவியை அடைந்தது. அந்த இடத்தை அடையாளங்காட்டும்போது, பிற்காலத்தில் அதற்கு மேலே தொங்குபாலம் அமைந்தது என அவர் குறிப்பிடுகிறார்.

அட்டைகள் மிகவும் விரும்பிக் காட்டிய பாலம் அதுவே. ஸீதீ முஸீத் தொங்குபாலம் 1912இல் திறக்கப்பட்டது. ஆற்றிலிருந்து 175 மீட்டர் உயரம். 1929இல் அமெரிக்காவின் கொலராடோவில் ராயல் கார்ஜ் பாலம் எழும்வரை உலகின் மிக உயரமான பாலம் என்ற பெயரைப் பெற்றிருந்தது. அதே 1912இல் ஸீதீ ராஷித் கற்பாலமும் திறக்கப்பட்டது. 27 வளைவுகளும் 447 மீட்டர் நீளமும் கொண்டது. பிளவின் உட்புறத்தில் 1890களிலேயே பாறையோரமாகச் சுற்றுலாப் பயணிகளுக்கென்றே ஒரு பாதை வெட்டப்பட்டிருந்தது. அதன் பெயரே ‘பயணிகள் பாதை’. பொறியியல் நோக்கில் இவை வியக்கத்தக்க சாதனைகள் என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒன்றை மறத்தலாகாது. 75 ஆண்டுகளுக்கு முன் பெண்மக்கள் கயிற்றில் இறங்கிய இடத்தில் இரும்புக் கயிறுகளால் ஒரு பாலம் தொங்கவிடப்பட்டு, அதன் படம் வாழ்த்துச் செய்திகளுடன் ஊர் ஊராகச் சென்றது. அதை வாங்கியவரில் எத்தனை பேர் அறிந்திருப்பர்? அறியாதிருத்தல் அவர்தம் குற்றமென்று சொல்ல மாட்டோம். அறியவிடாமல் செய்த அமைப்பையே திறனாய்வு சுட்ட வேண்டும்.

அதே அட்டை வரிசையில் மற்றொரு தலைப்பும் உண்டு: ‘ப்ளாஸ் த லா ப்ரேஷ்’. மதிலுடைப்புச் சதுக்கம் என்பது அதன் பொருள். 1837இல் மதில் உடைந்த இடமே சதுக்கமாகி, அவ்வுடைப்பே அதன் பெயராயிற்று. படையெடுத்தவர் நுழைந்த வழிக்குப் பெயர் சூட்டினர். மக்கள் விழுந்து மாண்ட வழியை இயற்கைக் காட்சி என்றனர். வெற்றிக்குப் பெயர் உண்டு, சாவுக்குப் பெயர் இல்லை. இவ்விரண்டு தலைப்புகளையும் அருகருகே வைத்து வாசிக்கும்போதுதான் அட்டை வரிசையின் உட்பொருள் புலனாகிறது. விடுதலைக்குப் பின் அச்சதுக்கத்துக்கு 1954 நவம்பர் முதல் நாளின் பெயர் சூட்டப்பட்டது. விடுதலைப் போர் தொடங்கிய நாள் அது. எனினும் மக்கள் நாவில் பழைய பெயர் இன்னும் வழங்குகிறது.

எதைச் சேர்த்தது, எதை விட்டது

அஞ்சலட்டைகளைப் பற்றிய திறனாய்வில் அல்ஜீரிய எழுத்தாளர் மாலிக் அல்லூலா 1981இல் பிரெஞ்சில் வெளியிட்ட ‘காலனிய அந்தப்புரம்’ பெயர்பெற்ற நூல். 1986இல் ஆங்கிலத்திலும் வந்தது. அல்ஜீரியப் பெண்டிர் எனக் காட்டப்பட்ட அட்டைகளில் உள்ளோர் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள், அரங்கம் புனையப்பட்டது, காட்டப்படுவது அப்பெண்டிரன்று, பார்ப்பவரின் இச்சையே என்பதை அவர் நிறுவினார். தம் நூலை, அந்த அட்டையை அனுப்பியவர்க்கே திருப்பி அனுப்பும் முயற்சியாக அவர் கருதினார். அம்முயற்சி மதிக்கத்தக்கது. ஆயினும் கண்டிக்கப்படும் படங்களையே அந்நூல் மீண்டும் பக்கம் பக்கமாக அச்சிட்டதைப் பிற்காலத் திறனாய்வாளர் சிலர் குறையாகக் கண்டனர். அக்குறை நமக்கும் உடன்பாடே. ஒரு பெண்ணின் மானம் பறிபோன படத்தை எதிர்ப்பின் பெயரால் மீண்டும் காட்டுவதும் அவளுக்குச் செய்யும் நீதியாகாது.

இயற்கைக் காட்சி அட்டைகளுக்கு அல்லூலாவின் முறை நேராகப் பொருந்தாது. பாறையைக் கூலிக்கு அமர்த்த முடியாது. அகழியைப் புனைந்து அமைக்க முடியாது. இவற்றில் பொய்யான பொருள் ஏதும் படத்துக்குள் இல்லை. ஆதலால் இவ்வட்டைகளைத் தீங்கற்றவை எனக் கருதி ஆய்வாளர் பலரும் கடந்து செல்வது இயல்பே. நம் கருத்து யாதெனில், இங்குத் திறனாய்வு காண வேண்டியது படத்தில் உள்ளதை அன்று. எடுத்த கோணம், இட்ட தலைப்பு, விடுபட்ட மனிதர் ஆகிய மூன்றையுமே.

இதற்குத் தமிழ் மரபு நமக்கு ஓர் அளவுகோலைத் தந்திருக்கிறது. தொல்காப்பியம் அகப்பாடலின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அங்கு வாழும் மக்கள், அவர்தம் உணவு, தொழில், விலங்கு, பறவை முதலியன கருப்பொருள். மனித உணர்வு உரிப்பொருள். வெறும் நிலம் பாடலாவதில்லை. உரிப்பொருளே பாடலின் உயிர். இவ்வளவுகோலால் அளந்தால், குஸந்தீனா அட்டையில் முதற்பொருள் மட்டுமே எஞ்சுகிறது. அல் இத்ரீஸீ கண்ட கோதுமை இல்லை. இப்னு பதூதா கண்ட கொடையாளர் இல்லை. பின் நபீயின் கொள்ளுப்பாட்டி சுமந்த துயரும் இல்லை.

வியப்புக்குரியது, அதே குஸந்தீனாவில் பிறந்த பின் நபீ, நாகரிகத்தின் கூறுகளாக மூன்றைச் சொன்னார்: மனிதன், மண், காலம். 1940களின் இறுதியில் வெளிவந்த ‘மறுமலர்ச்சியின் நிபந்தனைகள்’ என்னும் நூலில் அவர் இதனை விளக்கினார். மண்ணும் காலமும் முன்னமே உள்ளவை. மனிதன் அவற்றோடு ஒரு கருத்தால் இணையும்போதே நாகரிகம் பிறக்கிறது என்பது அவர் வாதம். அஞ்சலட்டை செய்வது இதன் மறுதலை. மனிதனை நீக்குகிறது; காலத்தை ஒரு நண்பகலில் நிறுத்திவிடுகிறது; மண்ணை மட்டும் தருகிறது. ஆளற்ற மண்ணாகக் காட்டப்படுவது, ஆள்வோர் வேண்டிய மண்ணாகவும் தோன்றத் தொடங்கும். காட்சி அட்டையின் அரசியல் இவ்விடத்தில்தான் உள்ளது.

அந்தப் பாறையின் உச்சியில் அக்காலத்தில் நடந்தது சிறிதன்று. 1889இல் அந்நகரில் பிறந்த ஷைகு அப்துல் ஹமீத் பின் பாதீஸ் (ரஹ்), தூனிஸின் ஸைத்தூனாவில் கற்றுத் திரும்பி, நகரின் அல் ஜாமிஉல் அக்ளர் பள்ளிவாசலில் பாடம் நடத்தினார். ஏறத்தாழ கால் நூற்றாண்டு தொடர்ந்த அவருடைய குர்ஆன் விரிவுரை 1938இல் நிறைவெய்தியது. 1925இல் ‘அஷ்ஷிஹாப்’ இதழைத் தொடங்கினார். 1931 மே மாதம் அல்ஜீரிய முஸ்லிம் உலமாக்கள் சங்கத்தை நிறுவினார். 1940 ஏப்ரல் 16இல் அவர் மறைந்தார். அந்நாள் இன்றும் அல்ஜீரியாவில் கல்வி நாளாகப் போற்றப்படுகிறது. 1930இல் பிரெஞ்சு ஆட்சி தன் வெற்றியின் நூற்றாண்டைப் பெருவிழாவாகக் கொண்டாடிய வேளையிலும், பாறையின் மேலே ஒரு சமூகம் தன் மொழியையும் மார்க்கத்தையும் பாடம் பாடமாக மீட்டுக்கொண்டிருந்தது. பிளவின் அடியிலிருந்து மேல்நோக்கி எடுத்த படத்தில் அந்தப் பாட வட்டம் தெரிய வழியில்லை. கோணம் என்பது வெறும் அழகியல் தேர்வாக நின்றுவிடுவதில்லை.

இது நமக்கு மட்டும் நேர்ந்ததோ?

இங்கு ஒரு தடை எழக்கூடும். முஸ்லிம் நாடு என்பதால் இவ்வாறு உணர்ச்சிவயப்பட்டு வாசிக்கிறோமோ எனச் சிலர் வினவலாம். விடை காண அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பெரும்பள்ளத்தாக்கை நோக்குவோம். உலகில் மிகுதியாக அஞ்சலட்டையில் அச்சான ஆழ்பள்ளத்தாக்குகளுள் அது ஒன்று. டெட்ராயிட் அச்சு நிறுவனம், சூரிச்சின் அதே வண்ண முறையின் உரிமத்தைப் பெற்று, 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் காட்சிகளைப் பரப்பியது. அந்தப் பள்ளத்தாக்கில் ஹவசுபாய் என்னும் தொல்குடியினர் பல நூற்றாண்டுகளாக வாழ்கின்றனர். 1882இல் அவர்களுக்கென விடப்பட்ட நிலம் 518 ஏக்கர் மட்டுமே. 1919இல் பள்ளத்தாக்கு தேசியப் பூங்காவாயிற்று. 1975இல்தான் ஏறத்தாழ 1,85,000 ஏக்கர் அவர்களுக்கு மீட்டளிக்கப்பட்டது. பூங்காவினுள் அவர்கள் பயிரிட்டு வாழ்ந்து, பின்னர் வெளியேற்றப்பட்ட ஓரிடத்துக்கு அவர்தம் பெயர் சூட்டப்பட்டது 2022இல். ஆளற்ற பெருவெளியாக அட்டைகள் காட்டிய நிலம் உண்மையில் ஆளற்றதன்று. ஆகவே நாம் சுட்டும் குறை ஒரு சமயத்தார்க்கோ ஓர் இனத்தார்க்கோ மட்டும் நேர்ந்த அநீதியன்று; காட்சி என்னும் வடிவத்துக்குள்ளேயே உள்ள ஆபத்து.

மற்றொரு தடையும் உண்டு. அது இதனினும் வலுவானது. படைப்பின் அழகைக் கண்டு வியப்பது இறைவனை நினைவூட்டும் அன்றோ? அந்தப் பாறையும் ஆறும் எந்தப் பேரரசும் படைத்தவை அல்லவே? ஆம், இத்தடையை நாம் மனமார ஏற்கிறோம். இவ்வட்டைகளைக் கிழித்தெறிய வேண்டும் என்பது நம் நிலைப்பாடன்று. அவற்றில் உள்ள அழகு மெய்யானது. வெள்ளத்தாலும் பேணாமையாலும் சிதைந்துபோன பயணிகள் பாதையின் பழைய உருவத்தை இன்று அறிய அவையே பெரிதும் துணை புரிகின்றன. கேள்வி, அழகைப் பார்க்கலாமா என்பதன்று. பார்வை எவ்விடத்தில் நின்றுவிடுகிறது என்பதே.

திருக்குர்ஆன் பூமியில் பயணம் செய்து நோக்குமாறு பல இடங்களில் ஏவுகிறது. அன்கபூத் அத்தியாயத்தின் 20ஆம் வசனத்தில், படைப்பை அவன் எவ்வாறு தொடங்கினான் என்பதை நோக்கச் சொல்கிறது. ரூம் அத்தியாயத்தின் 9ஆம் வசனத்திலோ, முன்சென்றோரின் முடிவு எவ்வாறாயிற்று என்பதை நோக்கத் தூண்டுகிறது. அவர்கள் நிலத்தை உழுததையும் அதில் குடியமைத்ததையும் எடுத்துக் கூறுகிறது. நளர் என்னும் ஒரே வேர்ச்சொல் இரு வசனங்களிலும் வருகிறது. ஒன்றில் பார்வையின் இலக்கு படைப்பு, மற்றொன்றில் மக்கள். இவ்விரண்டையும் ஒருங்கே காண்பதே முழுமையான நளர். அதிலிருந்தே இபுறத் எனும் படிப்பினை பிறக்கிறது. அஞ்சலட்டை முதலாவதைத் தந்து இரண்டாவதை மறைத்தது. அதனைக் கண்டு சினந்து, இரண்டாவதன் பெயரால் முதலாவதை வெறுப்பதும் அரைப் பார்வையே.

இவ்வளவுகோல் பிறர்க்கு மட்டுமன்று. நம் வெளியீடுகளையும் அதனால் அளக்க வேண்டும். நம்மவர் அச்சிடும் நாட்காட்டிகளையும் பெருநாள் வாழ்த்து அட்டைகளையும் நோக்குவோர், ஏதோ ஒரு நாட்டின் அருவி, ஏதோ ஒரு மலைப்பிளவு, அதன்மேல் அழகிய எழுத்தில் ஒரு திருவசனம் என்ற அமைப்பை மீண்டும் மீண்டும் காண்பர். அந்த இடம் எது, அங்கு வாழ்வோர் யார், அவர்க்கு நேர்ந்தது என்ன என்பதைச் சொல்லும் ஒரு வரியும் அதில் இராது. வசனம் நோக்கச் சொல்கிறது. படமோ பெயரற்றதாய் நிற்கிறது. காலனிய அட்டையின் வெறுமை, வசனத்தின் போர்வையில் நம் சுவரிலும் தொங்குவது தகுமா?

ஆகவே இரண்டு செய்திகளை முன்வைக்கிறோம். ஒன்று, இயற்கைப் படம் வெளியிடுவோர் அதன் இடப்பெயரையும் அவ்விடத்து மக்களைப் பற்றிய ஒரு வரியையும் சேர்த்து அச்சிடுவது நன்று. மற்றொன்று, நம் அரபுக் கல்லூரிகளில் இப்னு பதூதாவின் பயண நூலைப் பயில்வோர், குஸந்தீனா பற்றிய பகுதி வரும்போது இந்தப் பழைய அட்டையின் படத்தையும், அல் பக்ரீயின் வருணனையையும், பின் நபீயின் நினைவுக் குறிப்பையும் உடன்வைத்துப் படிக்கலாம். ‘கந்தக்’ என்ற சொல்லை அகராதியில் பார்த்து ‘அகழி’ எனக் குறித்துக்கொண்டு நகரும் மாணவன், அச்சொல்லுக்குள் எத்தனை மனிதர் இருந்தனர் என்பதை அப்போது அறிவான்.

குஸந்தீனாவின் பிளவுக்கு மேலே இன்று மேலும் பல பாலங்கள் உள்ளன. 2014இல் ஸாலிஹ் பேயின் பெயரால் புதியதொன்றும் திறக்கப்பட்டது. அந்நகரத்தாரே இன்று தம் பாலங்களின் படங்களைப் பெருமையுடன் பிறர்க்கு அனுப்புகின்றனர். அது அவர்தம் உரிமை. பழைய அட்டையைக் கையில் எடுக்கும் நாம் செய்யக்கூடியது, அதன் தலைப்பை நம் மனத்துள் திருத்தி வாசிப்பதாகும். ‘ரும்மல் பள்ளத்தாக்கு’ என்று அச்சிட்டிருக்கும் இடத்தில், ‘ரிமால் ஆற்றின் அகழி, 1837 அக்டோபர் 13’ என்று வாசிப்போம். பாறை முன்போலவே அழகாகத் தெரியும். அதன் விளிம்பில் மனிதரும் தெரிவர்.

யாவற்றையும் நன்கறிந்தவன் அல்லாஹ்.